குளிசைப் பெரட்டு

அன்பு மனைவி சிவகௌரிக்கு,

குளிரைத் தவிர எனக்குக் குறையில்லை. உமது முழங்கால் வலி குறைந்ததா?

தெருவில் கிடந்த மனநோயாளருக்கான இந்த இல்லத்துக்கு என்னைப் பொறுப்பாளராகத் தள்ளிவிட்ட உமது அண்ணரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இங்கே பேச்சியம்மா நான்கு நாட்களாகக் குளிசை தொடவில்லை. இன்றும் மறுத்தால் திரும்ப ஆசுபத்திரிதான் என்றார் தாதி.

இங்கேயே வசிக்கும் பழைய கங்காணி வீரய்யா, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் சொல்லி ஆள் கூப்பிடுவதுபோல் முற்றத்தில் பெரட்டு வைத்தார். முன்பு கொழுந்து பறித்த பேச்சியம்மா தன் பெயர் காதில் விழுந்ததும் ஓடிவந்து வரிசையில் நின்று, குளிசையை வாங்கி, என்னைப் பார்த்தார்.

"தொரை மட்டும் வேடிக்க பாக்குறாரு! அவரையும் கூப்பிடுங்க கங்காணி, அப்பதான் முழுங்குவேன்."

"துரைராசா!" என்று கத்தினார் வீரய்யா.

பட்டதாரியான நான் வரிசையில் நின்று, மூன்று மாதமாகப் போடாமல் ஏமாற்றிவந்த என் பிரஷர் குளிசையை விழுங்கினேன்.

"வாயத் தெறந்து காட்டுங்க" என்றார் பேச்சியம்மா.

காட்டினேன். அதன்பிறகே அவர் விழுங்கினார்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. தபாலில் அனுப்பவேண்டாம், நீரே கொண்டுவாரும். இரவுப் பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

துரைராசா