எழுதாமல் விட்ட புவியியல் தாள்

ராஜகீழ்ப்பாக்கம்
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹர்ஷா அப்பாவுக்கு,

உங்கள் தீபா எழுதுவது. நானும் ஹர்ஷாவும் சுகமாக இருக்கிறோம். போன் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அங்கே மூச்சு வாங்குகிறதா, தூக்கம் பிடிக்கிறதா என்று கேட்டால் எல்லாம் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

இங்கே இன்னும் வெயில் இறங்கவில்லை. செம்பாக்கம் ஏரி உள்வாங்கி நடுவில் ஒரு தீவு தெரிகிறது. சாயங்காலம் அதில் வெள்ளைக் கொக்குகள் வந்து நிற்கும்போது, யாரோ துணியை உலர்த்திவிட்டு மறந்து போனது போல இருக்கிறது. பயிற்சி விமானங்கள் வழக்கம்போல மொட்டை மாடிக்கு மேலே வட்டமடிக்கின்றன. எதிர்வீட்டு துளசிங்கம் அண்ணன் போர்வெல் போட்டார். தண்ணீர் வரவில்லை. பாவம், இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் பிளே ஸ்கூலில் மதியம் பிள்ளைகளைப் பாய் விரித்துப் படுக்க வைத்துக் கதை சொல்ல வேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துவிட்டது. போன லீவில் நீங்கள் விட்டுப்போன புவியியல் புத்தகத்தை எடுத்துப் போய் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தேன். மலை எப்படி உயர்கிறது, பனி எப்படிக் கெட்டியாகி ஆறாக நகர்கிறது என்று வாசித்தால், ஒவ்வொன்றாகக் கண் சொருகுகின்றன. ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கும். அத்தனை பிள்ளைகளும் மூச்சு விடும் சத்தத்தில் அந்த அறையே மெல்ல நகர்கிற மாதிரி இருக்கும். தமிழினி என்று ஒரு வாண்டு, தூங்குவதற்கு முன்னால், பனியாறு நம்ம தெருவுக்கு எப்போ வரும் மிஸ் என்று கேட்டாள். ரொம்ப மெதுவாக வரும், நீ பெரியவளானதும் வரும் என்றேன். அதற்குள் தூங்கிவிட்டாள். நான் மட்டும் தொடர்ந்து வாசித்தேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதக்கூடாது என்பது தெரியும். எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று நானாகவே தேடிக்கொள்கிறேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அது பரீட்சைக்கு முந்தின நாள்தான் கையில் கிடைத்தது. லீவு ரத்தாகிவிட்டது, புவியியல் தாள் எழுத வர முடியாது, கட்டிய கட்டணம் போனால் போகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மீதித் தாள்களுக்கும் இனிக் கட்ட வேண்டாம், அந்தப் பணம் ஹர்ஷாவின் கல்லூரிக்கு ஆகட்டும் என்றீர்கள்.

ராணுவத்தில் நீங்கள் முடித்த பயிற்சிகளுக்கே பாதிப் பட்டத்துக்கான கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளாகக் கட்டணம் கட்டி, லீவில் வரும்போதெல்லாம் கல்யாணங்களுக்குக்கூடப் போகாமல் எழுதி, கரையைத் தொடப்போகும் நேரத்தில் இப்படிச் சொல்கிறீர்கள். ஹர்ஷா கேட்கும் காட்டாங்குளத்தூர் கல்லூரியின் கட்டணத்துக்கு முன்னால் உங்கள் தேர்வுக் கட்டணம் கிணற்றில் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீர். அது உங்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்காக அப்படி எழுதினீர்கள் என்று யோசித்தேன். அடுத்த பத்தியில் இன்ஷூரன்ஸ் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, பென்ஷன் விவரத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவே இல்லையே. ஊருக்குப் போகிறவர்கள்தான் வீட்டை இப்படி ஒழுங்குபண்ணி வைப்பார்கள். அந்தப் பத்தியை ஒருமுறைதான் படித்தேன். இனிப் படிக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் அந்தத் தேர்வு மையத்துக்குப் போனேன். கட்டணத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்கத்தான். கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஹால் டிக்கெட் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பக்தவச்சலம் என்று பெயர். "மிலிட்டரியா? நானும் அங்கேர்ந்து வந்தவன்தாம்மா. பட்டத்துக்கு மூணு பேப்பர் பாக்கி கீது. ரிட்டையர்டு ஆனப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். இப்போ பாரு, பரீட்சை எழுத வர்றவங்களுக்குக் கேட்டைத் தொறந்துகினு நிக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "சாராண்ட சொல்லு, வுட வேணாம்னு" என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

மையத்தின் பொறுப்பாளர் ரமா மேடம். கட்டணம் திரும்ப வராது என்று முதலில் சொல்லிவிட்டார். நான் எழுந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கும்மா. அவரோட கமாண்டிங் ஆபீசர்கிட்டேருந்து லெட்டர் வந்தா, டிசம்பர் செஷனுக்கு மாத்தித் தரலாம்" என்றார். இதைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். இந்த மாதத்துக்குள் அந்தக் கடிதத்தை வாங்கி அனுப்புங்கள்.

தேர்வு முடியும்வரை வேப்பமரத்தடியில் இருந்தேன். எல்லோரும் போன பிறகு உங்கள் இடத்தைக் காட்டச் சொன்னேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மேடமும் ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னலோரத்து மேசை. உங்கள் எண்ணை ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் ஒரு வினாத்தாள் கிடந்தது. உட்கார்ந்து பார்த்தேன். முதல் கேள்வியே பனியாறு. என்னை அறியாமல் மனசுக்குள் பதில் எழுதிக்கொண்டே போனேன். வெளியே விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. கையை நீட்டினால் பக்கத்தில் உங்கள் முழங்கை படும் என்று தோன்றியது. "நீங்களும் ஸ்டூடன்ட்டா?" என்று மேடம் கேட்டபோதுதான் நினைவு வந்தது. நான் பிளஸ் டூ வரைதான் என்றேன். "அது போதுமே" என்றார்.

ஹர்ஷா கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவள் கல்லூரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் அந்தக் கடிதத்தை மட்டும் வாங்குங்கள். காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு நடங்கள்.

இப்படிக்கு,
டிசம்பரை எதிர்பார்க்கும்
தீபலட்சுமி


ராஜகீழ்ப்பாக்கம்
நவம்பர், மழை விட்ட ஒரு காலை

அன்புள்ள ஹர்ஷா அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா? டாக்டர் சொல்கிறபடி கேட்கிறீர்களா? உங்களைப் பார்க்கும்வரை எனக்கு எதிலும் மனம் ஊன்றாது. ஆனாலும் இன்று காலை நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதச் சொன்னாள் ஹர்ஷா.

போன வாரம் தபால்காரர் உறையை நீட்டினார். அனுப்புநர் பெயர் உங்களுடையதுதான், கையெழுத்து உங்களுடையதில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவெல்லாம் மழைத் தண்ணீர். காலடியில் ஓடிக்கொண்டிருந்தது, குளிர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. செப்டம்பரில் டிவியில் பனிச்சரிவு என்று காட்டியதிலிருந்தே உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உங்கள் ரெஜிமென்ட் ஆபீசில் விசாரித்தால், நலமாக இருப்பதாக நீங்களே சொல்லச் சொன்னீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். உறையை நான் பிரிக்கவில்லை. ஹர்ஷாதான் வாங்கிப் பிரித்து முதல் வரியை வாசித்தாள். "அண்ணி, அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்" என்று இருந்தது. சொல்லச் சொல்ல என்ற வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதை எழுதிக்கொடுத்த ராஜாராமன் தம்பிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கையில் காலில் கட்டோடு கிடந்துகொண்டு எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார். பனியில் புதைந்தவர்களைக் கையுறை கிழிந்த பிறகும் நீங்கள் தோண்டிக்கொண்டே இருந்தீர்கள் என்று, நீங்கள் சொல்லாததையும் ஓரத்தில் சேர்த்திருக்கிறார். வலது கையில் கட்டை விரல் தவிர, பனியில் கருகிப்போன மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள் என்பதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அதே வரியில், இனிப் பரீட்சைப் பேச்சு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள்.

அன்று முழுக்க அழுதோம். மறைப்பானேன். மறுநாள் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது புத்தகத்தைத் திறந்தேன், பனி என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அதை விட்டுவிட்டுக் கடற்கரைச் சமவெளிப் பாடத்தை வாசித்தேன். மணலும் உப்பளமும் தென்னையும் வந்தன. வாசிக்க வாசிக்க நீங்கள் மலையிலிருந்து இறங்கி, ஒவ்வொரு ஆறாகக் கடந்து, வெயில் அடிக்கும் இடத்துக்கு வந்துகொண்டே இருப்பதாகப் பட்டது. பாதி வழியில் நானும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். பிள்ளைகள்தான் எழுப்பின.

பிறகு ரமா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். ஜூனில் உங்கள் ஆபீசர் அனுப்பிய கடிதத்தால் கட்டணம் டிசம்பருக்கு மாறியது அல்லவா, அது அப்படியே இருக்கிறது. கையால் எழுத முடியாதவர்களுக்கு, சொல்லச் சொல்ல எழுத ஒருவரை மையத்திலேயே தருவார்களாம். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது, நேரமும் அதிகம் தருவார்கள். ஆஸ்பத்திரி சான்றிதழ் ஒன்று போதும். நானே எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். குடும்பத்தவர் எழுதக்கூடாது என்றார். கொஞ்சம் வருத்தம்தான். "அவரால சொல்ல முடியுமா? சில பேருக்கு எழுத வரும், சொல்ல வராது" என்று மேடம் கேட்டார். மூன்று பக்கம் சொல்லியிருக்கிறார் மேடம், ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை என்றேன்.

ஹர்ஷாவுக்குக் கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டதை முன்பே எழுதியிருந்தேன், அந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. படைவீரர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும் வந்துவிட்டது. காட்டாங்குளத்தூர் ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். "அங்க காபி ஷாப் எல்லாம் சூப்பரா இருக்கும்மா, மத்தபடி ஓகே" என்றாள். தினமும் ரயிலில் போகிறாள். உங்கள் பழைய பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பின்னாலிருந்து பார்த்தால் லீவு முடிந்து நீங்கள் கிளம்புவது போலவே இருக்கிறது. பையை மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

இன்னொரு சேதி. நீங்கள் வரும்போது நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஜூலையில் நானும் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன். என் சம்பளத்தில் கட்டினேன். உங்களுக்குப் பயிற்சிகளுக்காகத் தாள்களைக் கழித்துக் கொடுத்தது மாதிரி எனக்கு எதையும் கழிக்க மாட்டார்களாம். இத்தனை வருஷம் தனியாக வீடு நடத்தியதும் சர்வீஸ்தானே மேடம் என்று கேட்டேன். மேடம் வாய்விட்டுச் சிரித்தார், ஆனால் ஒரு கிரெடிட்டும் தரவில்லை. எனவே முதல் தாளிலிருந்து எழுத வேண்டும். உங்கள் தாள் இருக்கும் அன்று காலையில்தான் எனக்கும் தமிழ்த்தாள். பயமாக இருக்கிறது. ஹர்ஷா கேள்வி கேட்டு என்னைத் திட்டுகிறாள். நீங்கள் வந்து அவளை அடக்க வேண்டும்.

டிசம்பர் முதல் வாரம் அனுப்பிவிடுவார்கள் என்று ராஜாராமன் எழுதியிருக்கிறார். நாங்கள் இருவரும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவோம். கூட்டத்தில் எங்களைத் தேட வேண்டாம், நாங்கள் உங்களைக் கண்டுபிடித்துக்கொள்வோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இறங்கும்போது வலது கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். வெளியே இருக்கட்டும். நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என்றும் உங்கள்,
தீபா