அப்பாவின் படத்தில் விழுந்த மாலை

கோவில்பட்டி,
12.10.2025

அன்பு மகள் ரெஜினாவுக்கு, அம்மா சந்தனமேரி சொல்லச் சொல்ல உன் தங்கை சபிதா எழுதும் கடிதம். ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் படுத்துவிடாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கன்னியர் மடத்தில் உங்களுக்குப் போன் கிடையாது என்பதால் மனதில் கிடப்பதையெல்லாம் ஒரே கடிதத்தில் கொட்ட வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படி. இங்கே இன்னும் மழை இல்லை. புதூர்ப் பக்கம் உன் பெரியப்பா உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை தடையில்லாமல் ஓடுகிறது, முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது. சபிதா கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். திரும்பவும் படிக்கச் சொல்லிப் பார்த்தேன், வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்வார்களே என்று பழைய பயத்தையே சொல்கிறாள்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம் தெருக் கோடியில் பூட்டிக் கிடந்த தீப்பெட்டி குடோன் உனக்கு ஞாபகம் இருக்கும். அதைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்து ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஓவியக் கூடம் ஆக்கியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டு டெல்வினும் அதில் ஒருவன், பிளக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படம் வரைகிறானே அவன்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், எல்லாம் முகங்கள், ஊரில் நடமாடுகிற சாதாரண ஆட்களின் முகங்கள். முதலில் யாரும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்கள். நம் பக்கத்தில் சட்டம் போட்டுச் சுவரில் பெரிதாகப் படம் மாட்டினால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே அர்த்தம். என்னோடு வேலை பார்க்கும் செல்வமாரி, நான் இன்னும் சாகலலா தம்பி, அதுக்குள்ள எதுக்குப் படம் என்று டெல்வினை விரட்டினாள். பிறகு அவளே உட்கார்ந்து, படம் மாட்டிய அன்று ஆபீஸ் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய், பாருங்கட்டி, என் மூக்குக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போலுக்கு என்று சிரித்தாள்.

டெல்வின் என்னையும் உட்காரச் சொன்னான். என்னை வேண்டாம், அப்பாவை வரை என்றேன். கேரளாவுக்குக் கிணறு வெட்டப் போனவரிடமிருந்து போன் நின்று ஏழு வருஷம் ஆகிறது, நம்மிடம் இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ள படம் மட்டும். அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்ட நான் ஏன் சம்மதிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அதனால் டெல்வினிடம், தம்பி, அவிய இப்ப எப்படி இருப்பாவளோ அப்படி வரை, இந்த ஏழு வருசத்தையும் சேத்து வரை என்றேன். அவன் காதோரம் நரை வைத்தான், கன்னத்தை ஒட்ட வைத்தான், அடிக்கடி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான், பல்லு ஏதும் போயிருக்குமா அத்தை என்று கேட்டான், மேல்வரிசையில் அப்போதே ஆடிக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடத்தில் நல்ல கூட்டம். உன் பெரியப்பா மிக்கேல்ராஜிடம் யாரோ, உங்கள் தம்பி படத்தை மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சம்பங்கி மாலையும் மெழுகுவர்த்தியுமாகப் பஸ் ஏறி வந்து, நேராகப் போய் அப்பா படத்துக்கு மாலையைப் போட்டு, கீழே மெழுகுவர்த்தியை ஏற்றி, முழங்கால் போட்டு அழுதுவிட்டார். பார்க்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையாகக் கும்பிட ஆரம்பித்தார்கள், பக்கத்தில் இருந்த செல்வமாரி படத்துக்கும் சேர்த்து. ரெஜினா, உன்னிடம் மறைப்பதற்கென்ன, எனக்குக் கோபம் வரவில்லை. மாலை விழுந்ததும் தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்டது மாதிரி இருந்தது. இனிமேல் வாசலில் ஆள் சத்தம் கேட்டால் எழுந்திருக்க வேண்டாம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன். நாலு பேர் முன்னால் தண்ணீர் குடிக்கக்கூடக் கூச்சப்படும் உன் தங்கைதான் கூட்டத்துக்குள் புகுந்து மாலையைக் கழற்றினாள். ஏட்டி, பெரியவன் போட்ட மாலைய கழட்டுதியா என்று பெரியப்பா சத்தம் போட்டார். அவள், இது எங்கப்பா இப்ப இருக்க படம் பெரியப்பா, நரையப் பாருங்க, செத்தவியளுக்கு நரைக்குமா என்று கேட்டாள். அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான்தான் அதட்டி எழுத வைக்கிறேன்.

பெரியப்பாவையும் குறை சொல்ல முடியாது. அப்பாவைத் தேடி மொழி தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, பிணவறை வரைக்கும் போய்ப் பார்த்தவர் அவர்தான். வெளியே படியில் உட்கார்ந்து, எனக்கு ஒரு முடிவு வேணும்லாம்மா, நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாளுக்கு செத்தவிய பேரோட அவன் பேரையும் சாமியார்ட்ட குடுத்துருவோம், எத்தன காலத்துக்கு இப்படி நடுவுல நிக்கது என்று கேட்டார். உங்க வீட்டுல நீங்க எப்படி வேணும்னாலும் செபம் பண்ணிக்கிடுங்க அத்தான், கோயில்ல பேரு வாசிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சாப்பிடாமலே ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் போன் பண்ணிச் சபிதா சாப்பிட்டாளா என்று விசாரித்தார்.

நேற்றோடு கண்காட்சி முடிந்து டெல்வின் படத்தைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். இங்கே எங்கே மாட்டுவது, மாட்டினால் நாளைக்கு இன்னொருவர் மாலையோடு வருவார். சுவரில் சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க யாரோ ஒரு ஆள் மாதிரி இருந்தது, அப்பா உண்மையில் இப்படித்தான் ஆகியிருப்பாரா என்று எனக்கு எப்படித் தெரியும். அடுத்த மாதம் இந்தப் படங்களைப் பாலக்காடு, திருச்சூர் என்று கேரளாப் பக்கம் கொண்டுபோகிறார்களாம். இதையும் கொண்டுபோ தம்பி என்று கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயரும் தொழிலும் எழுதிய சின்ன அட்டை இருக்கும். அப்பா அட்டையில் வியாகப்பன், கிணறு வெட்டுபவர் என்று மலையாளத்திலும் எழுதி, நம் போன் நம்பரையும் போடச் சொன்னேன். நம்பர் போட்டா படம் விலைக்குன்னுலா நெனைப்பாவ அத்தை என்றான். அப்படி நெனைச்சாவது கூப்பிடட்டும் என்றேன். நம்பிக்கையில் கொடுத்தேனா, கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று கொடுத்தேனா, எனக்கே தெரியவில்லை மகளே, அலுப்பாக இருக்கிறது.

நீ இதற்காக அங்கே அழுதுகொண்டு இருக்காதே. சுவெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள், ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, பெரிய சிஸ்டர்மார் சொல்வதைக் கேட்டு நட. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர் தருகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கல்லறைத் திருநாளுக்கு உங்கள் மடத்திலும் பெயர் கேட்பார்கள், அப்பா பெயரைக் கொடுத்துவிடாதே. பயணத்தில் இருப்பவர்களுக்காக ஒரு மன்றாட்டு சொல்வீர்கள் அல்லவா, அவர் பெயரை அதில் சொல்.

உன் அம்மா,
சந்தனமேரி