கண்ணாடி கொண்டுவராத கண்டக்டர்

நேற்றுக் காலை ஒரு கல்லூரி மாணவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கிளிப் மாட்டிய அட்டை, அதில் ஒரு படிவம். தெருத்தெருவாகக் கணக்கெடுக்கிறார்களாம். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்று மளமளவென்று கேட்டுக்கொண்டு வந்தவள், ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாராவது உண்டா சார்?"

அந்தத் தயக்கத்தை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் நீயும் நானும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டுக்கொண்டு அலைந்தோம். நம் படிவத்திலும் அந்தக் கட்டம் வலது ஓரத்தில்தான் இருந்தது.

"இல்லை" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இப்பம் இல்ல மக்கா. முந்தி உண்டு. நான்தான்."

அந்தப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பெறகு எங்க பாட்டி படிச்சிய?"

"பஸ்ஸுல."

அவள் அதைக் கிழவியின் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. சந்தை முக்கில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் காக்கிச் சட்டையும் நெற்றியில் நாமமுமாக இருந்தாய். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். எனக்கு யார் எப்போது என்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால் கிழமையோடு சொல்வேன். உன் பெயர் அந்த வரிசையில் முதலில் இருந்தது. அது அங்கே இருந்தது சரிதானா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எழுத்தறிவுப் பணிக்கு மாணவர்களைச் சேர்த்தார்கள். எனக்கு மைக் பிடிக்கத் தெரியும் என்பதால் நம் வார்டுக்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். தொடக்கக் கூட்டத்தில், வளரும் இந்தியாவைத் தோளில் சுமக்கப் போகிறவர்கள் மாணவர்களே என்று நான் முழங்கினேன். கைதட்டல் ஓய்ந்து கீழே இறங்கியதும் நீ என் காதில், "சுமந்துட்டு எங்க மக்கா எறக்கி வைக்கப் போறோம்?" என்று கேட்டாய். நான் சிரிக்கவில்லை. உன்னிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது இந்தக் கேட்கிற குணம்தான் என்று நினைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஆளைக் கண்டுபிடிப்பது எத்தனை பெரிய பாடாக இருந்தது! மற்ற மாவட்டங்களில் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தார்களாம். இங்கே கேட்டாலே கோபம் வந்தது. "ஏலே, எங்க வீட்டு நடையில வந்து நின்னு இப்படிக் கேக்கியா?" என்று ஒருவர் தன் எட்டாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வந்து உன் மூக்குக்கு நேரே நீட்டினார். நீ அதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "கணக்குல நல்ல மார்க்கு மாமா" என்றாய். தெரியாதவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் தெரியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நம் தெருவுக்கு நீ போனாய். தாள்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. எங்கள் வீட்டு வரிசையில், வலது ஓரக் கட்டத்தில், உன் கோணல் கையெழுத்தில் 'ஒன்று' என்று இருந்தது. பக்கத்தில் அம்மாவின் பெயர்.

எங்கள் வீட்டை ஊரில் வாத்தியார் வீடு என்பார்கள். அப்பா தொடக்கப் பள்ளியில் ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அப்போது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா வாத்தியாரம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு எண்ணைச் சொன்னதும் புத்தகத்தைத் திறப்பாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாட்டுச் சரியாகவே வரும். பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியாதது போல இருக்கத் தெரிந்திருந்தது.

பேனாவை எடுத்து 'ஒன்று' என்பதை அடித்தேன். அம்மாவின் பெயரையும் அடித்தேன். மேலே சுழியம் போட்டேன்.

நீ அதைப் பார்த்தது ரேஷன் கடைத் திண்டில் வைத்து. "ஏன்லே அடிச்ச?" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். நான்தான் கத்தினேன். என்னைக் கேவலப்படுத்தத்தான் எழுதினாய் என்றேன். மேடையில் எனக்குக் கிடைத்த கைதட்டல் உனக்குப் பொறுக்கவில்லை என்றேன். இனி எங்கள் வீட்டுப் படி ஏறாதே என்றும் சொன்னேன். நீ எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு தாள்களை அடுக்கி என் கையில் தந்துவிட்டுப் போனாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நம் வார்டு முதல் வார்டாகப் பணியை முடித்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பிறகு நான் எம்.ஏ., எம்.ஃபில். பன்னிரண்டு வருடம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர இடம் வந்தபோது அது நிர்வாகிக்கு வேண்டியவர் ஒருவருக்குப் போனது. அதிலிருந்து டுடோரியல் வகுப்புகளும் மனுக்களும்தான். ஆமாம், மனு எழுதுவேன். தெருவிளக்குக்கு, சாக்கடைக்கு, அநியாயம் என்று எனக்குத் தோன்றும் எதற்கும். நீ டிகிரியை வைத்துக்கொண்டு அரசுப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தாய். கோட்டாறு, சுசீந்திரம், கொட்டாரம் என்று வருடக்கணக்காக ஒரே தடம். நாட்டைச் சுமக்க வந்தவன் டிக்கெட் கிழிக்கிறான் என்று நான் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அப்படிச் சிரித்தவனுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு வேலை இல்லை.

நேற்று அந்தப் பெண் போனதும் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அன்னைக்குக் கணக்கெடுக்க வந்தவன் எப்படிம்மா கண்டுபிடிச்சான்? பாட்டுப் புத்தகத்தை வெச்சா?"

"கண்டுபிடிக்கவா? நான்லா சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது மக்கா, என் பேரையும் போட்டுக்கோன்னு. எழுதிட்டுப் போனான்."

நீ எழுதியது உன் கண்டுபிடிப்பு அல்ல. அவளுடைய கோரிக்கை. ஒரு பெண் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் துணிந்து வாய்திறந்து கேட்டதை நான் அடித்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மைக்கில பேசிட்டு நடந்த பய. உன்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

"அப்பாகிட்டயாவது..."

"அவிய பள்ளிக்கூடத்துல கத்தித் தொண்டை கெட்டு வருவாவ. வீட்டுலயும் வந்து கத்தணுமா?" என்றாள், அதில் ஒரு குறையும் இல்லாதவள் போல. "பெறகு ஒரு வாரம் கழிச்சு அவன் என்னை வழியில பாத்தான். லிஸ்டு நெறஞ்சு போச்சு வாத்தியாரம்மா, எடம் இல்லன்னு சொன்னான். சவத்த விடு, நம்ம விதி அவ்வளவுதான்னு நானும் வந்துட்டேன்."

லிஸ்ட் நிறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாய். ஆள் கிடைக்காமல் நாம் அலைந்த அந்த ஊரில்!

அடுத்ததையும் அவளே சொன்னாள். நீ நடத்துநரான பிறகு அவள் கோட்டாறு சந்தைக்கு உன் பேருந்தில் போவாளாம். ஒருநாள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து, "வாத்தியாரம்மா, கண்ணாடி கொண்டு வரல. அந்தக் கடை போர்டுல முதல் எழுத்து என்னன்னு பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டாயாம். அவள் விழித்தாளாம். நீயே, "'ப' மாதிரி இருக்கு, இல்லியா?" என்றாயாம். அடுத்த முறை அதே கடை, அதே எழுத்து. அதற்கடுத்த முறை பக்கத்து எழுத்து. ஊர்ப் பெயர்ப் பலகைகள், சோப்பு விளம்பரங்கள், சுவரில் ஒட்டிய கல்யாணப் போஸ்டர்கள். பேருந்து நிறைய ஆள் இருக்கும். யாருக்கும் ஒன்றும் புரியாது. கண் மங்கிய கண்டக்டருக்கு வாத்தியாரம்மா வாசித்துச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

"எத்தனை நாள்மா?"

"நாளா? மூணு நாலு வருசம். அவன் சட்டையில குத்தியிருந்த பேரையே ஒரு மாசம் வாசிச்சேன். குலுக்கத்துல எழுத்து ஒரு எடத்துல நிக்காதுல்லா."

உனக்குக் கண் தெரியாது என்று ஊரில் பேச்சு வந்தது இப்படித்தான். அதை நானும் கேட்டேன். கேட்டதும் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். பார்வை மங்கிய ஒருவரை நடத்துநராக வைத்திருப்பது பயணிகளுக்கு ஆபத்து என்று பணிமனைக்கு ஒரு மனு எழுதினேன். இரண்டு பக்கம். நல்ல தமிழ். கீழே என் பெயரும் எம்.ஃபிலும். உன்னைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கடைசி வரிசை எழுத்து வரை நீ படித்துக் காட்டினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று முழுவதும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அந்த மனுவை நான் வாசிச்சேன்" என்றாள் அம்மா.

மேசையில் நகல் கிடந்ததாம். காபித் தம்ளரை எடுக்க வந்தவள் கண்ணில் உன் பெயர் பட்டதாம். உன் சட்டையில் படித்துப் படித்துப் பழகிய பெயர். நான் டுடோரியலுக்குப் போயிருந்த மத்தியான நேரம் முழுவதும் உட்கார்ந்து, விரல் வைத்து, இரண்டு பக்கத்தையும் வாசித்திருக்கிறாள்.

"போர்டும் போஸ்டரும் அல்லாம, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நான் வாசிச்ச முதல் கடுதாசி அதுதான் மக்கா."

 உன்னிடம் அதைச் சொன்னாளா என்று கேட்டேன்.

"மறுநாளே பஸ்ஸுல வச்சுச் சொன்னேன். இன்னமாதிரி எழுதியிருக்கான் மக்கா, சூதானமா இருந்துக்கோன்னு. அவன் என்ன கேட்டான் தெரியுமா? 'ரெண்டு பக்கமுமா வாசிச்சிய? தடுமாறாமயா?' ஆமான்னேன். 'அப்பம் நீங்க பாஸு வாத்தியாரம்மா'ன்னு சொல்லி அவனுக்கு ஒரே சிரிப்பு. அன்னைலேர்ந்து கண்ணாடி கொண்டு வரலன்னு சொல்லதையும் விட்டுட்டான்."

இதை எழுதும்போதும் ஒரு கேள்வி விடவில்லை. ரேஷன் கடைத் திண்டில் நான் கத்தியபோது, 'உங்க அம்மைதாம்லே எழுதச் சொன்னா' என்ற ஒரு வார்த்தை போதுமே. என் வாய் அடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அவளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றா? என்னைத் தாங்கவா? அல்லது, இவனிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அன்றைக்கே கணக்குப் பார்த்துவிட்டாயா? கடைசிக் காரணம்தான் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். பதில் தெரிந்தவன் போய்விட்டான்.

இன்று காலையிலிருந்து மேசையை விட்டு எழவில்லை. மத்தியானம் அம்மா வந்து நின்றாள். "மறுபடியும் மனுவா?"

"இல்ல. அவனுக்கு எழுதுகேன்."

"செத்துப் போனவனுக்கா?"

"ஆமா."

தாள்களைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "முடிஞ்சதத் தா. அவன் வாசிக்க மாட்டான்லா. நான் வாசிக்கேன்."

கொடுத்துவிட்டேன். லிஸ்டில் அவள் பெயரை அடித்தது யார் என்று அவளுக்கு நீ கடைசி வரை சொல்லவில்லை. நான் இரண்டாம் தாளின் கீழ்ப் பாதியில் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதில் நேற்றிலிருந்து எனக்கு நிச்சயம் இல்லை.

ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். உதடு அசைகிறது. முதல் தாளை முடித்து மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். எழுந்து போய் அடுத்ததை வாங்கிவிட நேரம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வரியின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்த விரல் இப்போது ஓரிடத்தில் நின்றிருக்கிறது. எந்த வரி என்று இங்கிருந்து தெரியவில்லை.