சத்தமில்லாத அழுகை

கம்பம், ஜனவரி 1937

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். தாங்களும் நம் குழந்தை சுகிர்தமும் சுகமா? அவளுக்குச் சளி விட்டதா?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இன்று காலை குச்சனூரிலிருந்து பஞ்சம்மாள் என்பவள் தன் பிள்ளையை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். தொண்டை அடைப்பான். மூச்சு நின்றுவிடும் போலிருந்ததால் கழுத்தில் சிறிதாக வெட்டி வெள்ளிக் குழாய் வைத்தேன். அதில் காற்று சீறியதும், "ஐயோ டாக்டரம்மா, எம்பிள்ள உசுரு ஓட்ட வழியாப் போகுதே!" என்று உள்ளங்கையால் பொத்திவிட்டாள்.

"கையை எடு ஆத்தா, இப்ப மூச்சே அது வழியாத்தான்" என்று இழுத்துவிட்டேன். அதிலிருந்து தன் இரண்டு கைகளையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வரிக்கு முன் எழுந்துபோய்க் குழாயைத் துடைத்துவிட்டு வந்தேன். குழாய் இருக்கும்வரை குரல் வராது. பிள்ளை வாய்விட்டு அழுகிறான், கண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. அதனால் என் காதை நம்ப முடியாமல் ஓடி ஓடிப் பார்க்கிறேன்.

துடைக்க மெல்லிய துணி போதவில்லை. சுகிர்தத்தின் கிழிந்த சட்டைகளை அனுப்புங்கள். அவள் அழுதால் உடனே அமர்த்திவிடாதீர்கள். கொஞ்ச நேரம் எனக்காகக் கேட்டுக்கொண்டிருங்கள்.

பஞ்சம்மாள் கூப்பிடுகிறாள், ஓடுகிறேன்.

ஜெபராணி