கடிவாளம் இழுத்த சாத்தியைக் குறித்து

மூங்கில் வேலி சூழ்ந்த மூங்கிலரண் மாநகரில் அரியணை அமர்ந்து, ஐந்து கோட்டத்துக் குடிகளையும் பெற்ற தாய்போல் புரந்தருளும் கோப்பெருந்தேவி அணியிழைப் பிராட்டியாரின் திருவடிகளுக்கு, வெள்ளிலையாற்றங்கரையில் புரவி விழாவை மேற்பார்க்க ஏவப்பெற்ற காவிதி தாழங்கிழான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விடுக்கும் ஓலை. தேவரீரின் குடைநிழல் நீள்க, களஞ்சியம் நிறைக, வாயிலில் காவலராக நிற்பவர்கள் மெய்யாகவே காவலராக இருக்க. இவ்வோலையின் அரக்கு உடைந்திருக்குமாயின், மேற்கொண்டு வாசியாமல் கொணர்ந்தவனை முதலில் விசாரித்தருள்க. அவன் நல்லவன்தான். ஆயினும் விசாரிப்பதில் குற்றமில்லை.

ஆற்றிடைத் திட்டின் புல்வெளிக்காக நம் முன்னோரும் அக்கரைக் குன்றவரும் வாள்வீசிச் சலித்து, முடிவில் ஆண்டுதோறும் புரவி ஓட்டிப் பார்ப்பதென்றும், விழாவின் ஈற்று ஓட்டத்தில் வென்றவர் அவ்வேனில் முழுதும் திட்டில் மேய்ப்பதென்றும் உடன்பட்டது தேவரீர் அறிந்ததே. இவ்வாண்டு மழை நம்மை ஏய்த்துவிட்டபடியால், திட்டு கைவிட்டுப் போனால் நம் பந்தியில் பாதிக் குதிரைகள் ஆடி பிறக்குமுன் எலும்பாய்விடும். ஆகவேதான் அடியேன் இங்கே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.

நம் புரவிகளைப் பழக்குகிறவன் வாதுவன் கொற்றன். ஓட்டுகிறவள் அவன் மகள் சாத்தி; கொள்ளு அவித்து ஊட்டுகிறவள் அவன் மனைவி நக்கை. ஒரு குடும்பமே குதிரைக்கு உழைப்பது போற்றத்தக்கதே. ஆனால் அந்த நக்கைக்கு உடன்பிறந்த அண்ணன் நம்பன் யார் என்று கேட்டருள்க. அவனே அக்கரைக் குன்றவரின் வாதுவன்! பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இவர்களைப் பார்த்தே சொன்னது போலும். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமே என்று அடியேனுக்கு வந்த நாள்முதல் உறக்கமில்லை.

முதல் ஓட்டத்தில் நம் காரி எளிதாக வென்றது. அவ்வளவு எளிதாக வென்றதே அடியேனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் செங்கால் வென்றது. அன்று நம்பன் தோற்றும் சிரித்தான் என்பதைக் குறித்துவைத்தேன். அதற்கு மறுநாள் முகில் ஓடிற்று. ஈற்று ஓட்டத்துக்கு நம் பக்கம் ஓடுவது முகிலே என்று முன்பே முரசறைந்தாயிற்று. இனி மாற்ற வழக்கில்லை. அம்முகில் எல்லாப் புரவிகளையும் பின்தள்ளி வருகையில், வெற்றிக்கொடி எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருக்கையில், சாத்தி கடிவாளத்தை இழுத்தாள். மாமன் பழக்கிய புரவி முந்திற்று. அடியேன் இவ்விரு கண்களால் கண்டேன்.

உடனே மூவரையும் பிடித்து, ஒருவர் குரல் ஒருவருக்குக் கேளாதபடி மூன்று கூடாரங்களில் அடைத்துத் தனித்தனியே வினவினேன். முகிலின் மூச்சு மாறிற்று, மேலும் ஓட்டியிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும் என்று சாத்தி விண்ணப்பித்தாள். தந்தையும் அதையே சொன்னான். தாயும் அதையே சொன்னாள். மூன்று வாயில் ஒரே சொல் வந்தால், முன்பே ஓதிவைத்த பாடமன்றி வேறென்ன என்று கருதி, குற்றம் தெளிந்தால் மூவரையும் நாடுகடத்துவதென்று நிச்சயித்தேன்.

மறுநாள் ஓட்டத்துக்கு படைத்தலைவர் ஏனாதி விடங்கனைச் செங்காலின்மேல் ஏற்றினேன். அவர் சாட்டையை ஓயவிடவில்லை. செங்கால் வென்றது, நம் மக்கள் ஆரவாரித்தார்கள், அடியேனும் மீசையை முறுக்கினேன். கொடியைக் கடந்த செங்கால் நாலடி நடந்து, மூக்கில் குருதி வடிய விழுந்து, மீண்டும் எழவேயில்லை. அப்போதும் அடியேன் நஞ்சையே தேடினேன்.

அன்று மாலை காவலர் வந்து, அடைபட்ட மூவரும் அடைத்த நாள்முதல் சோறு தொடவில்லை என்றார்கள். மடியில் கனமில்லையேல் வழியில் பயமேன், தாங்கள் குதிரைக்கு நஞ்சிட்டதுபோல் தங்களுக்கும் இட்டுவிடுவார்களென்று அஞ்சுகிறார்கள் என்று நினைத்து, நக்கையின் எதிரில் அவள் சோற்றில் ஒரு கவளத்தை அடியேனே தின்று காட்டினேன். அவள் சோற்றைப் பார்க்கவில்லை. முகில் தின்றதா என்று மட்டும் கேட்டாள். வாதுவர் குடியில், தாங்கள் வளர்த்த புரவி தின்றதென்று அறியுமுன் ஒருவரும் வாயில் நீரன்றி வேறு வையார்களாம். முகில் தின்றதென்று எவரும் வந்து சொல்லவில்லையே, நாங்கள் எப்படி உண்பது என்றாள்.

முகில் தின்றதா என்று அடியேன் கேட்கவே இல்லை.

குதிரைப் பந்திக்கு விரைந்தேன். தொட்டியில் கொள்ளு ஊசிப்போய்க் கிடந்தது. அக்குடும்பத்தார் ஒருவரேனும் அருகில் நின்றாலன்றி முகில் வாய்வைக்காது என்பதைப் பந்திக் காவலன் அறிந்திருந்தும் சொல்லவில்லை. ஏனென்று கேட்டதற்கு, சொன்னால் நஞ்சிட்டவன் நீயே என்று காவிதியார் என்னையும் நான்காம் கூடாரத்தில் அடைப்பாரென்று அஞ்சினேன் என்றான். அவன் சொன்னது சரியே, அடைத்திருப்பேன்.

காட்டிக்கொடுப்பவர்கள் தாம் விற்ற குதிரைக்காகப் பட்டினி கிடப்பதில்லை, பிராட்டியாரே. மூவரையும் விடுவித்தேன். சாத்தி கைநிறைய அள்ளி நீட்ட, முகில் மெல்லத் தின்றது. அதன்பிறகே அவர்கள் கஞ்சி குடித்தார்கள். கொற்றன் செங்காலைப் பற்றிக் கேட்டு, விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். அடியேனுக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது.

ஈற்று ஓட்டம் நாளை. முகில் இளைத்துப்போயிருக்கிறது. ஒருநாள் தள்ளிவைக்குமாறு அக்கரை அமைச்சரை வேண்டினேன். நம்பனும் தன் தங்கை பட்டினி கிடந்ததறிந்து அதையே வேண்டினானாம். இரு கரையாரும் ஒன்றையே கேட்பதால் இதில் சூதுண்டு என்று அவர் மறுத்து, நம்பனைக் காவலில் வைத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல அடியேனுக்கு நாவில்லை.

ஏனாதி விடங்கன் மீண்டும் தாமே ஏறுவதாகவும், சாட்டையால் எப்படியும் திட்டை வென்று தருவதாகவும் சொல்லுகிறார். வெல்லவுங்கூடும். சாத்தியோ, தானே ஏறுவதாகவும், முகிலால் முடிந்தவரை ஓட்டுவதாகவும், மூச்சு மாறினால் கொடி கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலும் இழுப்பேனென்றும், அதற்கு இப்போதே சம்மதம் வேண்டுமென்றும் நிற்கிறாள். அடியேன் சம்மதம் தந்து, அவள் கையில் முத்திரை ஓலையும் கொடுத்துவிட்டேன்.

ஆகையால் தேவரீர் ஓட்டத்தின் முடிவுக்குக் காத்திராமல், இவ்வோலை கண்ட நாழிகையே ஐந்து கோட்டத்து வைக்கோற்போர்களையும் அரண்மனைக் காவலில் வைக்க ஆணையிட்டருள்க. காவலுக்கு ஒருவரையொருவர் பிடிக்காத இருவரை நியமிப்பது நலம். திட்டு நம் கைக்கு வராவிடில், புரவியைப் பட்டினி போட்டவன் காவிதி தாழங்கிழான் என்றே ஏட்டில் ஏறுக. வாதுவன் குடியின் பெயரை எவரும் எழுதலாகாது. எழுத்தனை நம்பாமல் அடியேன் கைப்பட எழுதி, ஆமை முத்திரை பொறித்து, ஆற்றங்கரைப் பாசறையினின்று விடுத்த இவ்வோலை திருவடி சேர்க. வைக்கோல் முதலில் முகிலுக்கு.