பூஜ்யமாவது வரி

இன்று காலை என் அலுவலகத் திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது.' என்ன தவறு, எங்கே என்று ஒரு சொல் இல்லை. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் மட்டும். எதுடி சரி என்று, பழைய ஞாபகத்தில் உன்னிடம் கேட்கத் திரும்பினேன். நீ போன ஐப்பசியில் இறந்துவிட்டாய் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில். விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் நம் இருவருக்கும் முதல் வேலை. நீ பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். எந்தச் சூளையில் என்ன கலவை, எவ்வளவு சூடு, எத்தனை கட்டை விரிசல் விட்டது என்று காட்டும் புரோகிராமை நீ எழுதினாய். திரைகளை வரைந்ததும் கோப்புகளை அடுக்கியதும் நான்.

முதலாளிக்குக் காட்ட மூன்று நாள் இருக்கையில் அது நின்றுபோனது. 'பிழை, வரி 0' என்றது.

"ஜீரோவாவது வரின்னு ஒண்ணு எங்கடி இருக்குது? நான் ஒண்ணுலேர்ந்துதானே எழுதுனேன்?" என்றாய்.

உதவிப் பக்கத்தைத் திறந்தோம். நிர்வாகியை அணுகச் சொன்னது.

"நம்ம ரெண்டு பேர்ல யாருடி நிர்வாகி?"

சிரித்தோம். மறுநாள் சிரிப்பு வரவில்லை. ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டரில் தேடினோம். நம்மைப் போலவே யாரோ கேட்டிருந்தார்கள், பதில் சொல்ல ஆளில்லை. வரி வரியாக நீக்கிப் பார்த்தோம். பாதிப் புரோகிராம் போன பிறகும் அதே பெட்டி, அதே பூஜ்யம். எதை நம்புவது என்றே தெரியவில்லை. நீ எழுதியதை நீயே சந்தேகப்பட ஆரம்பித்தாய்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார்.

"என்னம்மா, ஓடலியா? யாரு பண்ண தப்பு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க சார்," என்றாய்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து உன்னை வர வேண்டாம் என்றுவிட்டார்.

பத்து நாள் கழித்துத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு ஃபோல்டரின் பெயரை நான் மாற்றியிருந்தேன். மாற்றியதையே மறந்தும் போயிருந்தேன். புரோகிராம் பழைய பெயரைத் தேடித் தேடி விழுந்திருக்கிறது. 'இந்த ஃபோல்டரைக் காணோம்' என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அன்றே பெண்ணாடத்துக்கு பஸ் ஏறினேன். உன் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆச்சரியப்படவில்லை.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"உள்ள வா. டீ போடுறேன்."

அதற்கு என்ன அர்த்தம்? தெரிந்தே என்னைக் காப்பாற்றினாயா? அல்லது உண்மையாகவே உன் தப்பு என்று நம்பி, பத்து நாள் அழுது ஓய்ந்திருந்தாயா? பிறகு நீ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சரானாய். உன் கல்யாணத்துக்கு வந்தேன், போனில் எத்தனையோ பேசினோம். இதை மட்டும் மறுபடி கேட்கவில்லை. கேட்கலாம், நாள் இருக்கிறது என்று இருந்தேன். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் தம்பி போனில் சொன்னபோது, துக்கத்துக்கு முன்னால் வந்தது அந்தக் கேள்விதான். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

இப்போது நான் மற்றவர்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் கருவிகளைச் செய்கிறேன். பிழைச் செய்திகளை மட்டும் யாரிடமும் விடுவதில்லை. என் செய்திகள் நீளம் என்று கேலி செய்கிறார்கள். போன வாரம் இப்படி எழுதினேன்: 'நீங்கள் கேட்ட ஃபோல்டர் இந்த இடத்தில் இல்லை. அதன் பெயரை யாராவது மாற்றியிருக்கலாம். உங்கள் புரோகிராமில் தவறு இல்லை.'

உடன் வேலை செய்பவர் படித்துவிட்டு, "யாராவதுன்னா யாருங்க மேடம்?" என்றார்.

"நான்தாங்க," என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.