அந்த நோட்டீசை நான்தான் வாசித்தேன்

பார்க்டேல், ரொறன்ரோ
16.01.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். இது வந்து சேர்வதற்குள் அம்மா தொலைபேசியில் உங்கள் சுகத்தைக் கேட்டுவிடுவார். ஆனாலும் நானும் கேட்கிறேன்.

இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் நித்திரை. நான் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, கவிழ்த்த வாளியில் இருக்கிறேன். பதிலை உறையின் பின்பக்கத்தில் உள்ள ஸ்டெபனி வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். அவள் என் வகுப்புத் தோழி, எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி. ஒன்றும் கேட்கமாட்டாள்.

அப்பா, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜில் நாங்கள் மூன்று பேரும் இருந்த அந்த ஐந்து மாதம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பின்னேரங்களில் காலி வீதிக்குக் கூட்டிப்போய்க் கடைப் பலகைகளை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்வீர்கள். பிழை விட்டால், "உதைக் கேட்டால் கடைக்காரன் பூட்டிப்போட்டு ஓடிடுவான்" என்று சிரிப்பீர்கள். பிறகு ஒரு ரோல்ஸ் வாங்கிப் பாதி பாதியாகப் பிய்ப்போம். பெரிய பாதி எனக்கு. அந்த ஆங்கிலம்தான் இப்போது எனக்கு வினையாகிவிட்டது.

அம்மா வேலை செய்யும் லோண்டரி உங்களுக்குத் தெரியும். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற இடம். முதலாளி ஜெயரட்ணம் அங்கிள். நாங்கள் வந்திறங்கிய இரவு விமான நிலையத்துக்கு இரண்டு கோட்டுகளோடு வந்தவர் அவர்தான். அந்த முதல் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். அம்மாவோடு வேலை செய்யும் அன்ரனெற் அன்ரி கூழ் காய்ச்சுவார். நண்டுக்கால் எல்லாவற்றையும் அங்கிள் என் கோப்பைக்குள் போடுவார்.

இந்த மாதத்திலிருந்து இங்கே ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு ஆறு டொலர் முப்பத்தைந்து சதத்திலிருந்து ஆறு எழுபதாகக் கூடியிருக்கிறது. லோண்டரிச் சுவரில் அரசாங்க நோட்டீஸ் இருக்கிறது. இலக்கத்தை அன்ரிமார் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சுற்றியுள்ள ஆங்கிலம்தான் விளங்கவில்லை. அங்கிள் சொல்வதை நம்பவும் அவர்களுக்கு விருப்பமில்லை. "படிக்கிற பிள்ளை வாசிக்கட்டும்" என்றார்களாம். நேற்று அம்மா என்னைக் கூட்டிப்போனார்.

அங்கிள் என்னை முதலில் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"பிரதீபா, சின்ன இடங்களுக்கு அடுத்த வருசம்தான் எண்டு கிடக்குது எண்டு சொல்லு."

"அப்பிடி ஒண்டும் போடேல்லையே, அங்கிள்."

"போடேல்லைத்தான். ஹோட்டல்காரன் எனக்கு ஒரு சதம் கூட்டித் தரேல்லை, நான் எங்கை போறது? அப்பாவை இஞ்சை கூப்பிட இமிகிரேசனுக்குக் காட்ட அம்மாவுக்கு வேலைக் கடிதம் நான்தானே தரவேணும். நீ கெட்டிக்காரி, விளங்கும்."

அவர் சத்தம் போடவில்லை. என் கன்னத்தைத் தட்டிக்கொண்டுதான் சொன்னார்.

நான் நோட்டீசில் விரலை வைத்து, அவர் சொன்ன மாதிரியே வாசித்தேன், அப்பா. ஒருவரும் சந்தேகப்படவில்லை. "எங்களுக்குக் கூட்டுற நேரம் நாங்கள் பென்சன் எடுத்திடுவம்" என்றார் அன்ரனெற் அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா, "என்ரை பிள்ளை எவ்வளவு வடிவா வாசிக்கிறாள் பாருங்கோ" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நீங்கள் வர முடியாமல் போய்விடும். சொல்லாமலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன செய்ய?

உங்கள் மகள்
பிரதீபா


வெள்ளவத்தை
05.02.1994

என் செல்லப் பிரதீபாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதே அறைதான். உன் கட்டிலில் இப்போது மன்னாரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் படுக்கிறார், நல்ல குறட்டை. கடற்கரை ரயில் போகும்போது நீ யன்னலுக்கு ஓடிப் பெட்டிகளை எண்ணுவாயே, நான் இப்போதும் எண்ணுகிறேன். எண்ணிவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

போன கிழமை லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து எங்களைக் கொண்டுபோய் ஒரு இரவு முழுக்க வைத்திருந்தது. அடிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

மகள், நீ செய்தது பிழை என்று எழுத எனக்கு மனமில்லை. சரி என்றும் எழுத வரவில்லை. வேலைக் கடிதம் அம்மாவின் கைக்கு வரும்வரை பொறு. அது இரண்டு மாதத்தில் வரும் என்றுதானே அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் வந்து அந்த அன்ரிமாரிடம் நானே சொல்கிறேன். இதை வாசித்ததும் கிழித்துவிடு.

அன்பு முத்தங்களுடன்
அப்பா


பார்க்டேல், ரொறன்ரோ
13.03.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ரயில் பெட்டி எண்ணுகிற இடத்தைப் பல தரம் வாசித்தேன். மற்ற இடத்தையும் வாசித்தேன். பொறுப்பது என்றுதான் இருந்தேன்.

அன்ரனெற் அன்ரி தமிழ் வானொலியில் கேட்டுவிட்டு வந்து, சம்பள உயர்வு சின்ன இடங்களுக்கும்தான் என்று சொல்லியிருக்கிறார். "அப்ப பிரதீபா பொய் சொன்னவளோ?" என்று அங்கிள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். அம்மாவுக்கு அன்ரியில் கோபம் வந்துவிட்டது. "என்ரை பிள்ளையைக் கள்ளி எண்டுறியளோ?" என்று பெரிய சண்டை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனார். "வந்து திரும்ப வாசி. உவவின்ரை வாய் அடங்கட்டும்" என்றார்.

நோட்டீசுக்கு முன்னால் நின்றேன். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன். அங்கிள் கதவடியில் நின்றார். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாக முழுவதையும் வாசித்தேன். அடுத்த வருசம் என்று ஒரு சொல்லும் இதில் இல்லை, அன்றைக்கு நான் பொய்யாக வாசித்தேன் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அம்மா அங்கிளைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார்.

அம்மா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்து அடுக்கில் வைத்தார். பிறகு, "அக்கா, நான் உங்களை அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது" என்றார். "உந்தக் கதையை விடு, பெட்டை விழப்போறாள், தண்ணி குடு" என்றார் அன்ரி.

இந்தக் கிழமையிலிருந்து எல்லோருக்கும் ஆறு எழுபது. அம்மாவுக்கும்தான். ஆனால் வேலைக் கடிதம் இல்லை. "உங்கடை மகளிட்டை எழுதி வாங்குங்கோ" என்றாராம் அங்கிள். அம்மா வேறு வேலை தேடுகிறார். புது இடத்தில் ஆறு மாதமாவது நின்றால்தான் கடிதம் கேட்கலாம் என்று லோயர் சொன்னார். அம்மா என்னை ஏசவில்லை. "அப்பாவுக்கு நீயே எழுது" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் பொறு என்றீர்கள், நான் பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை மாதம் அந்த லொட்ஜில் இருக்கப்போகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேயிருக்கிறேன். அது என்னால்தான். பொலிஸ் வந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை.

கோபமென்றால் கோபமாகவே எழுதுங்கள், அப்பா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்
பிரதீபா